அமுதம் உருவிய பச்சைப் பாம்பு

காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் அமுதத்தின் சமையலைப் பற்றி யாரும் வாய் திறந்து குறை சொன்னதில்லை. அவள் மனசு நோகுமே என்கிற நல்லெண்ணம் பாதி, பயம் பாதி. குறை சொன்னால் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். "அப்படியா? இருங்க, சரி பண்ணிட்டு வர்றேன்" என்று உள்ளே போய் அதே பாத்திரத்தோடு திரும்பி வருவாள். அதுதான் பயம்.

நெரவியில் வரிசையாகப் பிறந்த அண்ணன்மார்களுக்குப் பின்னால் வந்த ஒரே பெண் அவள். வயல், மாடு, வாய்க்கால் என்று வளர்ந்தாள். மிரண்டு ஓடும் காளையின் மூக்கணாங்கயிற்றைத் தாவிப் பிடித்து நிறுத்துவாள். தென்னை ஏறுவாள். அவள் போடும் அதட்டலில் அடுத்த தெருவில் அழுகிற பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். அடுப்பங்கரைக்கு மட்டும் அவளை அம்மா ஒரே ஒரு முறை அனுப்பினாள். அன்றைக்குச் சாப்பிட்டு எழுந்தவர்கள் எல்லோரும் கலந்து பேசி, இனிமேல் இவள் வயலைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தார்கள்.

எழுபத்தொன்றில் அவளை முத்தையனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். முத்தையன் மின்சாரத் துறையில் லைன்மேன். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதன். கம்பத்தின் உச்சியில் ஒற்றைக் காலைப் பின்னிக்கொண்டு வேலை செய்யும்போது வராத நடுக்கம் அவனுக்கு இலையின் முன்னால் உட்காரும்போது வந்தது. ஆனால் பெண்டாட்டி மேல் அவனுக்குக் கொள்ளைப் பிரியம். அவள் வைத்ததை வைத்தபடியே தின்றுவிட்டு, ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "ம்" என்பான். அந்த "ம்" நல்லதா கெட்டதா என்று அமுதத்துக்குப் பல வருஷம் தெரியவில்லை.

அவளுக்குச் சமைக்கத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. அவளிடம் இருந்த ஒரே குறை தாராள மனசு. வத்தக்குழம்பு கொதிக்கும்போது முருங்கைக்காய் ஒன்று கண்ணில் படும், அதையும் போடுவாள். பக்கத்தில் மாங்காய் கிடக்கும். அதை மட்டும் ஏன் விட வேண்டும்? அப்புறம் கொஞ்சம் வெல்லம், நேற்றைய மோர், ஒரு வாழைப்பழம். எதையாவது விட்டுவிட்டால் அது மனசு வருத்தப்படும் என்பது போலச் சமைப்பாள். இட்லி வேறு கதை. ஒரு நாள் காக்கை ஒன்று அவள் வைத்த இட்லியைத் தூக்கிக்கொண்டு பறந்து, பாதி வழியில் கனம் தாங்காமல் பக்கத்து வீட்டுக் கூரையில் போட்டதில் ஓடு உடைந்தது.

அந்தப் பக்கத்து வீடு ஆல்போன்சுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர் என்பதால் ஊரில் அவரைச் 'சொல்தா' என்பார்கள். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி சைகோன் கதைகள் சொல்லுவார். ஒரு கதையில் புலியோடு சண்டை போட்டிருப்பார். அதே கதையை அடுத்த வாரம் சொல்லும்போது புலி இரண்டாகியிருக்கும். அவர் மனைவி மரி-ரோஸ் கதையெல்லாம் கேட்டுக் காது மரத்துப்போன அம்மாள். கோழிக்குழம்பு வைத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும் கை அவளுக்கு.

எழுபத்தேழில் தீபாவளி முடிந்த கையோடு பெரும்புயல் அடித்தது. காரைக்காலில் நிற்க வேண்டிய மரமெல்லாம் படுத்துவிட்டது. அமுதத்தின் வீட்டுக் கீற்றுக்கூரை எங்கோ பறந்து போனது. பானை சட்டி உருண்டது. தீபாவளிக்கு அவள் சுட்டு வைத்திருந்த அதிரசத் தகர டப்பா மட்டும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. பாகுப் பதம் தவறி, மேலே ஓடு போலவும் உள்ளே பிசின் போலவும் ஆகிவிட்ட அந்த அதிரசத்தைப் புயலும் தொடவில்லை.

கம்பங்கள் எல்லாம் சாய்ந்து கிடந்ததால் முத்தையன் அன்றைக்கு வீட்டை விட்டுப் போனவன்தான், வாரக்கணக்கில் வரவில்லை. ஊர் ஊராகப் போய்க் கம்பம் நட்டான். ஆங்காங்கே நிவாரணத்துக்காகக் கிளறிப் போட்ட சோற்றைத் தின்றான். மழையிலும் சேற்றிலும் கிடந்து மாரடித்த லைன்மேன்கள் எல்லோரும் துரும்பாக இளைத்துத் திரும்பினார்கள். முத்தையன் மட்டும் சதை போட்டு வந்தான். கன்னம் உப்பியிருந்தது. காக்கிச் சட்டையின் நடுப் பித்தானைப் போட முடியவில்லை.

அமுதம் அவனை மேலும் கீழும் பார்த்தாள். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏங்க, அண்டாவுல கிளறுன சோறு, உப்பு இருந்துச்சோ இல்லியோ... அதைத் தின்னுட்டா இப்படி ஆயிருக்கீங்க?"

"அது வந்து, காத்து மாறுச்சுல்ல" என்றான் முத்தையன்.

"அப்ப என் சோறு உங்களுக்கு ஆவலியா?"

"ஆவுது. ஆவுது. ஆவாம என்ன" என்று அவன் அவசரமாகச் சொன்னபோது, வாயில் வந்த ஏப்பம் பொய்யைக் காட்டிக் கொடுத்தது.

அமுதம் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தது கல்யாணத்துக்குப் பிறகு அதுவே முதல் தடவை. தெருவே கவலைப்பட்டது.

மறுநாள் மரி-ரோஸிடம் போனாள். மரி-ரோஸ் கோழிக்குழம்பின் பக்குவத்தை ஒன்று விடாமல் சொல்லிக்கொடுத்தாள். அமுதம் அப்படியே செய்தாள். கடைசியில் மட்டும் பாவம் என்று ஒரு பீர்க்கங்காயையும் கொஞ்சம் ஜவ்வரிசியையும் சேர்த்தாள். முத்தையன் "ம்" என்றான்.

பிறகுதான் மீன்காரி காசியம்மா வந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, அமுதத்தின் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"அடி போடி இவளே, இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு ஒக்காந்துருக்க? ஒனக்குக் கைமணம் இல்ல. அவ்ளோதான். பச்சைப் பாம்பைப் புடிச்சுக் கையால மூணு தடவ உருவி விட்டுரு. அப்பறம் நீ வெறும் வெந்நி வச்சாக்கூட நாலு தெருவுக்கு மணக்கும்."

"நெசமாவா அக்கா?"

"எங்க சின்ன நாத்தனா உருவுனா. அவ வைக்கிற கருவாட்டுக் கொழம்புக்குக் கப்பல்லேருந்து ஆளு எறங்கி வருது."

"பாம்பு கடிக்காதா?"

காசியம்மா இதை யோசித்திருக்கவில்லை. ஆனாலும் தயங்கவில்லை. "வெறுங்கையோட போனாக் கடிக்கும். இனிப்பா எதாச்சும் முன்னாடி நீட்டிட்டு, பின்னாடி உருவணும். சரி, கெழங்கா மீனு போடட்டுமா?"

அமுதம் வேலி வேலியாகத் தேடினாள். கோவைக்கொடி, பூவரசு, கருவேலம்புதர் ஒன்றையும் விடவில்லை. புயல் ஊரையே மொட்டையடித்துவிட்டுப் போயிருந்தது. பச்சை இலையே இல்லாத ஊரில் பச்சைப் பாம்புக்கு என்ன வேலை? ஒரு ஓணான் மட்டும் கிடைத்தது. அதை உருவலாமா என்று காசியம்மாவிடம் கேட்டாள். வேண்டாம், ஊறுகாய் மட்டும்தான் நன்றாக வரும் என்று காசியம்மா சொன்னாள்.

கூரை போட மூங்கில் வாங்கப் போன முத்தையன் ஒரு சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பினான்.

"ஜெகபர் சாதிக் நானாவோட மூங்கில் வாடிக்கு மலையிலேருந்து லோடு வந்துருக்கு. ஆனா எறக்க முடியல. லோடு மேல ஒரு பச்சைப் பாம்பு சுருட்டிக்கிட்டுப் படுத்துருக்காம். முந்தாநாள்லேருந்து அசைய மாட்டேங்குதாம்."

அவன் அசதியில் சொன்னான். இருட்டில் அவள் முகத்தில் அடித்த வெளிச்சத்தை அவன் கவனிக்கவில்லை.

மறுநாள் அவன் வேலைக்குப் போன உடனே அமுதம் தலை குளித்தாள். தகர டப்பாவைத் திறந்து, உருவம் நன்றாக இருந்த ஒரு அதிரசத்தை எடுத்தாள். விருந்தாளிக்குக் கல்லாகக் கொடுப்பது மரியாதை இல்லை என்று அதைத் தோசைக்கல்லில் போட்டுச் சுடச்சுடப் புரட்டி எடுத்தாள். வாழையிலையில் சுற்றி, மேலே துணியையும் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

வாசலில் மரி-ரோஸ் நின்றாள். "எங்கம்மா பொறப்பட்டுட்ட?"

"பாம்பு உருவப் போறேன் அக்கா" என்றாள் அமுதம், கோயிலுக்குப் போகிறவள் போல.

மரி-ரோஸ் விவரம் கேட்டுக்கொண்டு உள்ளே போய்ப் புருஷனிடம் சொன்னாள். ஆல்போன்ஸ் சாய்வு நாற்காலியில் பாதித் தூக்கத்தில் இருந்தார்.

"என்ன பாம்பாம்?"

"பச்சைப் பாம்பு. மூங்கில் லோட்ல வந்துச்சாம். அசையாமக் கெடக்காம்."

சொல்தாவின் கண் அகலமாகத் திறந்தது. "மூங்கில்லயா? மலையிலேருந்தா? அசையலியா? நம்ம ஊர் பச்சைப் பாம்பு ஆளைக் கண்டா கயிறு மாதிரி ஓடுமே... மொன் தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டபடி எழுந்தவர், வேட்டியை மடித்துக் கட்டவும் நேரமில்லாமல் சைக்கிளை எடுத்தார்.

வாடி கூப்பிடு தூரம்தான். அமுதம் போய்ச் சேர்ந்தபோது லாரியைச் சுற்றி ஒரு கூட்டமே இருந்தது. சுமை இறக்குகிறவர்கள் எட்ட நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். லாரிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பச்சை மூங்கிலின் நுனியில், மனிதனின் நெஞ்சுயரத்தில், அது வாலை மூங்கிலில் சுற்றிக்கொண்டு படுத்திருந்தது. கிளிப்பச்சை. உடம்பு தடியாக இருந்தது. தலை அகலமாக, வெற்றிலையைக் கிள்ளி ஒட்டியது போல இருந்தது. வாடிக்காரர் ஜெகபர் சாதிக் அதனிடம் பேசிப் பார்த்துக் களைத்துப்போயிருந்தார்.

"வா தங்கச்சி. மூங்கில் வாங்க வந்தியா? பாத்தியா இந்தக் கூத்த? காலையிலேருந்து துஆ ஓதுறேன். கொட்டாவி விடுது."

"நீங்க தள்ளி நில்லுங்க நானா. நான் உருவிட்டுப் போயிர்றேன்."

"என்னத்த உருவுற?"

அவள் பொட்டலத்தைப் பிரித்தாள். ஆவி பறக்கும் அதிரசத்தை இடது கையில், விரல் நுனியில் பிடித்து, பாம்பின் முகத்துக்கு நேராக நீட்டினாள். "சாப்புடு சாமி" என்றாள். வலது கை வால் பக்கம் போயிற்று.

அப்போதுதான் சொல்தாவின் சைக்கிள் பிரேக் இல்லாமல் வந்து மூங்கில் கட்டில் மோதி நின்றது.

"தொடாத அமுதம்! அது மூங்கில் விரியன்! விஷம்! சைகோன்ல இதோட பங்காளி ஒண்ணு என் கால்ல கடிச்சு ஒரு மாசம் பூட்ஸ் மாட்ட முடியல!"

கூட்டத்தில் நாலு பேர் சிரித்தார்கள். புலி போய் இப்போது பாம்பா என்றார் ஒருவர்.

அமுதத்தின் கை அதற்குள் பாம்பின் முதுகில் பட்டுவிட்டது. குளிர்ச்சியாக, சொரசொரப்பாக இருந்தது என்று பின்னாளில் சொல்லுவாள். ஒரே ஒரு உருவல், நடு முதுகிலிருந்து வால் வரைக்கும்.

பாம்பு பாய்ந்தது. அந்த வகைப் பாம்புக்குக் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் ஒரு குழி உண்டு. சூடு எங்கே இருக்கிறது என்று அதுதான் அதற்குக் காட்டும். அந்த வாடியிலேயே அந்த நேரத்தில் எல்லாவற்றையும்விடச் சூடாக இருந்தது அதிரசம். வாயை அகலத் திறந்து, இரண்டு பல்லையும் அதில் முழுசாக இறக்கியது. அமுதம் கையை விட்டாள். அதிரசம் கீழே விழவில்லை. பாம்பின் வாயிலேயே நின்றது.

பாம்பு தலையை ஒருமுறை உதறியது. அதிரசம் வரவில்லை. இந்தப் பக்கம் உதறியது, அந்தப் பக்கம் உதறியது. உள்ளே இருந்த பிசின் விடவில்லை. கனம் தாங்காமல் தலை கீழே சரிந்து, வால் பிடிமானத்தில் மூங்கிலிலிருந்து மாலை போலத் தொங்கியது.

"பாருங்க, பாருங்க! திங்குது!" என்றாள் அமுதம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் கையால் செய்த பண்டத்தை ஒரு உயிர் இவ்வளவு ஆவலாக வாங்கி அவள் பார்த்ததே இல்லை.

"திங்கலம்மா, மாட்டிக்கிச்சு!" என்று கத்தினார் ஆல்போன்ஸ். "பானை! யாராச்சும் பானை கொண்டாங்கப்பா!"

வாடியில் தண்ணீர் வைத்திருந்த மண்பானையை ஜெகபர் சாதிக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு ஓடிவந்தார். கொண்டுவந்தாரே தவிர நீட்டவில்லை. சொல்தாவின் கையில் கொடுத்தார். சொல்தா அதை அமுதத்தின் கையில் கொடுத்தார். அமுதம் பானையை அதன் கீழே பிடித்தாள். ஆல்போன்ஸ் சைக்கிள் பம்பினால் மூங்கிலை ஒரு தட்டு தட்டினார். பாம்பும் அதிரசமும் சேர்ந்து தொப்பென்று உள்ளே விழுந்தன. முறத்தால் மூடி, மேலே செங்கல் வைத்த பிறகுதான் எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள்.

அமுதம் போகவில்லை. "நானா, மூடிய கொஞ்சம் தொறங்க. ஒரு தடவதான் உருவியிருக்கேன். இன்னும் ரெண்டு பாக்கி."

"அடி அல்லாவே! ஒனக்கு ஹயாத்து கெட்டியா இருக்குன்னு நெனச்சுக்கிட்டு வீட்டுக்குப் போம்மா!"

"மூணு தடவைன்னு சொன்னாங்களே."

"மூணு தடவ உருவுனா சமையல் நல்லாருக்கும்தான்" என்றார் ஆல்போன்ஸ். "சாப்புட நீதான் இருக்க மாட்ட."

கொல்லலாம் என்று சிலர் தடியை எடுத்தார்கள். அமுதம் பானைக்கு முன்னால் நின்றுகொண்டாள். என் பலகாரத்தை வாயில் வைத்திருப்பதை யாரும் அடிக்கக் கூடாது என்றாள். அவள் போட்ட அதட்டலில் தடிகள் இறங்கின. கடைசியில் ஜெகபர் சாதிக்தான் வழி சொன்னார்: அது மலைச் சரக்கு, நமக்கு ஆகாத சரக்கு, வந்த லாரியிலேயே திருப்பி அனுப்பிவிடுவோம். லாரி டிரைவர் முடியவே முடியாது என்றார். பிறகு பானையைப் பின்பக்கக் கம்பியில் கட்டினால் சரி என்றார். மறுநாள் லாரி கிளம்பும்போது பார்த்தார்கள். பாம்பு எப்படியோ விடுவித்துக்கொண்டு பானைக்குள் ஒரு ஓரமாகச் சுருண்டிருந்தது. அதிரசம் மறு ஓரத்தில் கிடந்தது. கடித்த இடத்தில் இரண்டு ஓட்டை தவிர அதற்கு ஒரு சேதமும் இல்லை.

பாம்பு பானைக்குள் போன அன்றே சேதி முத்தையனுக்குக் கம்பத்தின் மேல் இருக்கும்போது போய்ச் சேர்ந்தது. இறங்கினானா, விழுந்தானா என்று அவனுக்கே தெரியாது. வீட்டுக்கு ஓடி வந்தபோது அமுதம் அடுப்பில் ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கையைப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். விரல்களை எண்ணினான்.

"ஒண்ணும் இல்லீங்க. ஒக்காருங்க, சாப்புடலாம்."

நினைப்பெல்லாம் வாடியிலேயே இருந்ததால் அன்றைக்கு அவள் ரசத்தில் எதையும் கூடுதலாகச் சேர்க்கவில்லை. ரசத்துக்கு வேண்டியதை மட்டும் போட்டு இறக்கிவிட்டாள். முத்தையன் ஒரு வாய் வைத்தான். நிமிர்ந்து பார்த்தான்.

"அமுதம், நல்லாருக்கு" என்றான்.

நிஜமாகவே நன்றாக இருந்ததா, பெண்டாட்டி உயிரோடு இருந்த சந்தோஷத்தில் அவனுக்கு அப்படித் தோன்றியதா என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியாது. அமுதம் கணக்குப் போட்டுவிட்டாள். மூன்றில் ஒரு உருவல். ஆகவே குழம்பு, ரசம், கூட்டு மூன்றில் ஒன்று கூடிவந்துவிட்டது. அதற்குப் பிறகு ரசத்தில் அவள் கை வைக்கவில்லை. மற்ற இரண்டிலும் தாராளம் தொடர்ந்தது.

சொல்தாவின் பாடுதான் திண்டாட்டமாயிற்று. பாம்பு விஷயத்தில் அவர் சொன்னது சரி என்று ஆனதும், ஊர் அவர் சொன்ன அத்தனையையும் நம்ப ஆரம்பித்தது. இரண்டு புலி என்றால் "ஆமாமா, இருக்கும்" என்றார்கள். மறுத்துப் பேச ஆளில்லாமல் அவருக்குக் கதை சொல்லும் ருசியே போய்விட்டது. ஒரு வருஷத்துக்குள் பேச்சைக் குறைத்துக்கொண்டு காய்கறித் தோட்டம் போட்டார். மரி-ரோஸ் அதற்காக அமுதத்துக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தாள்.

ஜெகபர் சாதிக் அன்றைக்குப் பார்த்ததை மறக்கவில்லை. அடுத்த லோடு வந்தபோது சுமைக்காரர்கள் யாரும் கிட்டே போக மறுத்ததும், அமுதத்தின் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். அமுதம் வந்து ஒரு நீளக் கழியால் லோடு முழுவதையும் தட்டி, "எதாச்சும் இருந்தா எறங்கிப் போயிருங்க" என்று ஒரு குரல் கொடுத்தாள். இரண்டு ஓணானும் ஒரு மரவட்டையும் இறங்கிப் போயின. அதன் பிறகு ஒவ்வொரு லோடுக்கும் அவள் வந்தாள். வந்தவள் மூங்கிலையும் பார்த்தாள். எது முற்றல், எது பூச்சி அரித்தது என்று பழகிக்கொண்டாள். வாங்க வருகிறவர்களிடம் பேசினாள். அவள் குரலுக்கு யாரும் பேரம் பேசத் துணியவில்லை. எண்பதில் ஜெகபர் சாதிக் வாடிச் சாவியையே அவளிடம் கொடுத்துவிட்டு, நிம்மதியாகத் திருமலைராயன்பட்டினத்து வீட்டில் படுத்துத் தூங்கினார்.

விடிந்தால் வாடி, அடைந்தால் வீடு என்று ஆனதும், சமையலுக்கு யார் என்ற கேள்வி வந்தது. முத்தையன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் வேணா பாத்துக்கிறேனே" என்றான். ரொம்பத் தயக்கமாகச் சொல்வது போலச் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் கரண்டி அவன் கையில் இருந்தது.

எண்பத்தாறில் ஒரு மத்தியானம் வாடிக்குப் போனவர்கள் இதைப் பார்த்திருக்கலாம். அமுதம் மூங்கில் கட்டின் மேல் உட்கார்ந்து தூக்குச் சட்டியிலிருந்து வெண்டைக்காய்ப் புளிக்குழம்பும் சோறும் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிரில் முத்தையன், காக்கிச் சட்டையோடு, சைக்கிளைப் பிடித்தபடி நின்றான். அவள் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படி இருக்கு?"

அவள் இன்னொரு வாய் வைத்தாள். யோசித்தாள். வானத்தைப் பார்த்தாள்.

"பரவால்லீங்க" என்றாள். "ஆனா என்னமோ கம்மியா இருக்கு. கொஞ்சம் பூசணிக்கா போட்டுருக்கலாம்."

"நாளைக்குப் போட்டுர்றேன்" என்று சொல்லிவிட்டு, முத்தையன் சைக்கிளில் ஏறி உற்சாகமாக மணியடித்துக்கொண்டு வேலைக்குப் போனான்.